ஈரலைப் பார்த்த பிறகுதான் மூட்டையைப் பார்த்தேன்

2021 ஜனவரி மழை பலருக்கு நினைவிருக்கும். பருவமழை முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், பொங்கலுக்குக் கரும்பு வாங்கக்கூடக் குடையோடு போனோம். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்பது அந்தச் சமயத்தில்தான். கதிர் செடியிலேயே நனைந்தது. அடித்த சோளத்தைக் காயப்போட வெயில் இல்லை. ரோட்டோரம் கொட்டிக் காயவைத்தவர்கள் தூறல் விழுந்ததும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் தினமும் வண்டியில் போகும்போது கண்ணால் பார்த்தேன். பார்த்தும், அந்தச் சோளம்தான் இரண்டு வாரம் கழித்து என் கோழிகளின் வயிற்றுக்குள் போகப்போகிறது என்று நினைக்கவில்லை.

ஆத்தூருக்கும் தலைவாசலுக்கும் நடுவில் எங்கள் பண்ணை. மூன்று கொட்டகை, மூன்று பேட்ச், மொத்தம் ஆறாயிரம் முட்டைக்கோழி. நாமக்கல் பக்கம் லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு இது சின்னப் பண்ணை. எங்கள் குடும்பத்துக்கு இதுதான் வரும்படி, இதுதான் வீட்டுக் கடன், இதுதான் பிள்ளைகளின் படிப்பு. தீவனத்தை நாங்களே அரைக்கிறோம். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 110 கிராம் என்று வைத்தால் தினமும் 660 கிலோ. அதில் பாதிக்கு மேல், சுமார் 350 கிலோ, மக்காச்சோளம். மீதி சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு, சுண்ணாம்புக்கல் குருணை, தாதுஉப்பு, விட்டமின். ஆக பத்து டன் லோடு இறக்கினால் நான்கு வாரத்துக்கு வரும்.

பிப்ரவரி 3ஆம் தேதி அப்படி ஒரு லோடு வந்தது. கமிஷன் கடைக்காரர் போனில், "கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைச்சுத் தர்றேங்க, லேசா ஈரம் இருக்கும், ரெண்டு வெயில் பட்டா சரியாப் போயிரும்" என்றார். பத்தாயிரம் ரூபாய் மிச்சம். கையை விட்டு நாலு மூட்டையில் அள்ளிப் பார்த்தேன். மணி பளபளவென்று இருந்தது. கருப்போ பச்சையோ எதுவும் கண்ணில் படவில்லை. இறக்கச் சொல்லிவிட்டேன். குடோனில் மரச்சட்டம் பாதி இடத்துக்குத்தான் இருந்தது. மீதி மூட்டைகளை சிமென்ட் தரையிலேயே, மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கினோம்.

பத்து நாள் எதுவும் தெரியவில்லை. இதைத்தான் புதிதாகப் பண்ணை வைக்கிறவர்களிடம் முதலில் சொல்கிறேன். கெட்ட தீவனம் போட்ட மறுநாள் முட்டை குறைந்தால் நமக்கே காரணம் புரிந்துவிடும். ஆனால் ஒரு மஞ்சள்கரு கோழிக்குள் வளர்ந்து முற்ற ஏறக்குறைய பத்து நாளாகும். ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் கருக்கள் முட்டையாக வந்துகொண்டே இருக்கும். ஈரல் கெட ஆரம்பித்ததன் விளைவு அதற்குப் பிறகுதான் டிரேயில் தெரியும். அதற்குள் எந்த லோடு எப்போது வந்தது என்பதையே மறந்திருப்போம்.

பிப்ரவரி 14 வாக்கில் தீவனத் தொட்டியில் மிச்சம் நிற்க ஆரம்பித்தது. முட்டை கொஞ்சம் சிறுத்தது, ஓடு மெலிந்து டிரேயில் விரிசல் கூடியது. எங்களிடம் வாங்கும் ஆத்தூர் மெஸ்காரர் ஒருவர், "என்னங்க, ஆம்லேட் போட்டா கரு வெளுப்பா இருக்குது, சோளத்தைக் குறைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். குறைக்கவே இல்லை. மஞ்சள்கருவுக்கு நிறம் தருவதே மக்காச்சோளம்தான். அதைத் தின்றும் கரு வெளுத்தால், தின்றது உடம்பில் சேரவில்லை என்று அர்த்தம். அவர் சமையல்காரர், அவருக்குத் தெரிந்தது எனக்குப் புரியவில்லை.

ஒரு வாரத்தில், நாளைக்கு 182 டிரே என்றிருந்த முட்டை 156 ஆனது. 91 சதவீதத்தில் இருந்த உற்பத்தி 78. தினம் ஒன்றிரண்டு என்றிருந்த சாவு எட்டு, பத்து என்றானது. கழிச்சல் இருந்தது. பக்கத்துப் பண்ணை அண்ணன் வந்து பார்த்து, "தம்பி, இது வெள்ளைக் கழிச்சல் மாதிரி தெரியுது, உடனே லாசோட்டா போட்டுரு" என்றார். அந்த நோய்க்கான தடுப்பூசி அது. போட்டேன். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், ஐந்து நாள் தண்ணீரில் கலந்தேன். பிறகு குடற்புழு மருந்து. பிறகு கால்சியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கொஞ்சம் தேறியதுபோல இருக்கும், மறுபடி சரியும். ரத்தம் எடுத்துத் தடுப்பூசி அளவு பார்த்தபோது, ஒரே கொட்டகையில் சில கோழிக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி, சில கோழிக்கு இல்லவே இல்லை. தடுப்பூசி மருந்தே சரியில்லையோ என்று விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். மருந்தில் குறை இருந்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன்.

தீவனத்தின் மேல் சந்தேகமே வரவில்லையா என்றால், வந்தது. தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி தீவனத்தை அள்ளி, பாலிதீன் பையில் கட்டி, ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். 'அளவுக்குள் இருக்கிறது' என்று வந்தது. சரி, தீவனம் இல்லை என்று முடிவு கட்டினேன். அந்தத் தாள் என்னை இன்னும் ஒரு வாரம் தவறான பாதையில் நடக்கவிட்டது. தவறு கூடத்தில் இல்லை, நான் அள்ளிய கைப்பிடியில்.

பிப்ரவரி 27, சனிக்கிழமை. செத்த கோழி மூன்று, சோர்ந்து நின்ற கோழி மூன்று, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மல்லியகரை, ராசிபுரம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கே பார்த்த டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. கோழியைத் தொடுவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கடைசியா சோளம் எப்பங்க இறக்குனீங்க?"

எனக்குத் தேதி நினைவில்லை. தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். லோடு இறக்கிய தேதி எந்த நோட்டிலும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டு, லாரி வாடகை கொடுத்த கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 'பிப்ரவரி 3' என்றதும் அவர் தலையாட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

முதல் கோழியின் வயிற்றைத் திறந்ததும் ஈரல் தெரிந்தது. கடுகு அரைத்துப் பூசியதுபோல மஞ்சள். ஓரங்கள் உப்பி மழுங்கியிருந்தன. விரலால் லேசாக அழுத்தியதும் வெண்ணெய் மாதிரி உதிர்ந்தது. பித்தப்பை வீங்கி நிறைந்திருந்தது. தொடைச் சதையில் ஊசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். அவரே ஒன்றையும் சொன்னார்: முட்டையிடும் கோழிக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து கொஞ்சம் மஞ்சளாக இருப்பது இயல்பு, ஒரே கோழியை வைத்து எதையும் சொல்லக் கூடாது. அதனால் ஆறையும் திறந்தார். முட்டையிடாமல் நின்றுபோன இரண்டிலும் அதே மஞ்சள். இரண்டில் சிறுநீரகமும் வெளுத்து வீங்கியிருந்தது. வாயைத் திறந்து நாக்கின் ஓரமும் மேல்வாயும் பார்த்தார், புண் எதுவும் இல்லை.

அந்த மேசையருகில் நின்று கேட்டதை நான் இன்றும் மறக்கவில்லை. சோளத்தில் வளரும் பூஞ்சை வேறு, அது விட்டுப்போகும் நஞ்சு வேறு. ஈரலைத் தாக்குவது அஃப்ளாடாக்சின். சிறுநீரகத்தைத் தாக்குவது ஓக்ராடாக்சின், அது இருந்தால் எச்சம் நீர்த்துப்போகும். வாயில் மஞ்சள் திட்டாகப் புண் வந்தால் டி-2 என்ற வேறொரு நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் தனியாக வருவதில்லை, இரண்டு மூன்று சேர்ந்தே வரும். சேர்ந்து வந்தால் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் போதும். எல்லாவற்றிலும் மோசம், அஃப்ளாடாக்சின் கோழியின் எதிர்ப்புச் சக்தியையே அடித்துப்போடுகிறது. தடுப்பூசி போடுவோம், உடம்பு அதை ஏற்காது. பிறகு வெள்ளைக் கழிச்சல் வந்தால் அதற்கு மருந்து தேடுவோம். நஞ்சு ஒருபோதும் தன் பெயரில் வராது, வேறு நோயின் பெயரில்தான் வரும் என்று அவர் சொன்னபோது, இரண்டு வாரமாக நான் வாங்கிய மருந்துச் சீட்டுகள் எல்லாம் சட்டைப்பையில்தான் இருந்தன.

இந்த நஞ்சைக் கண்டுபிடித்த கதையும் அப்படித்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் அதற்கு 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடல் கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. அதில் இருந்த ஆஸ்பெர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் அஃப்ளாடாக்சின். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று நாட்டுக்கோழிக்கும் வாத்துக்கும் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. வாத்து இந்த நஞ்சுக்கு எல்லாவற்றையும்விட முதலில் விழும்.

கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 20 பிபிபிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சின்ன அளவு பத்து டன்னிலும் சமமாகப் பரவியிருக்காது. மூட்டைக்கு மூட்டை மாறும், ஒரே மூட்டைக்குள்ளும் நனைந்த மூலையில் சில மணிகளில் குவிந்திருக்கும். என் கைப்பிடிக்கு அந்த மணிகள் தப்பிவிட்டன. மூட்டையில் குத்தி எடுக்கும் ஊசியால் எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுக்கச் சொன்னார் டாக்டர். அத்தனையையும் ஒரு சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து, ஒரு கிலோ வரும்வரை இப்படியே குறைத்துக்கொண்டு வர வேண்டும். பாலிதீன் பையில் போடக் கூடாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சை வழியிலேயே வளரும். துணிப்பையோ காகித உறையோதான்.

அப்போது குடோனில் மிச்சம் இருந்தது 15 மூட்டை. எல்லாம் தரையோடு, மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கியவை. முதல் மூட்டையை நகர்த்தியபோது அடிச்சாக்கு சிமென்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே சோளம் கட்டி தட்டி, கையை விட்டால் சூடு தெரிந்தது. சோதனை முடிவு 140 பிபிபி. அந்தக் கணத்தில் கமிஷன் கடைக்காரர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. ஈரச் சோளத்தை விற்றது அவர். அதைத் தரையில் போட்டு மூன்று வாரம் நஞ்சை வளர்த்தது நான்.

அன்றே சோளத்தை நிறுத்தினோம். நல்ல சோளம் வந்துசேர ஐந்து நாளானது. அதுவரை அரிசிக் குருணையும் கம்பும் வைத்து ஓட்டினோம். மலிவு என்று சேகோ ஆலைத் திப்பியை, மரவள்ளியில் மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை, சிலர் சொன்னார்கள். நம் சேலத்தில் அது மலைபோலக் கிடைக்கிறது, நன்றாகக் காய்ந்தது என்றால் எரிசக்திக்கு ஆகும். ஆனால் அந்த மழையில் களத்தில் நனைந்து உலர்ந்த திப்பியை வாங்கினால் ஒரு பூஞ்சையிலிருந்து இன்னொரு பூஞ்சைக்குப் போவதாகிவிடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது பெரிய மருந்துப் பட்டியல் இல்லை. நஞ்சைப் பிடித்துக்கொள்ளத் தீவனத்தில் கலக்கும் டாக்சின் பைண்டரைத் தற்காலிகமாக டன்னுக்கு ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவாக்கினோம். மெத்தியோனினையும் கோலின் குளோரைடையும் கூட்டினோம். நஞ்சைக் கட்டி வெளியேற்ற ஈரல் மெத்தியோனினைத்தான் செலவழிக்கிறது, கோலின் ஈரலில் கொழுப்பு தேங்காமல் பார்த்துக்கொள்கிறது. வைட்டமின் ஈ, செலினியம், ரத்தக்கசிவுக்கு வைட்டமின் கே. ஆன்டிபயாட்டிக்கை உடனே நிறுத்தச் சொன்னார், ஏற்கெனவே தள்ளாடும் ஈரலுக்கு அதுவும் ஒரு சுமை. தடுப்பூசியையும் தீவனம் எடுப்பு தேறும்வரை தள்ளிவைத்தோம்.

என் அம்மா தோட்டத்தில் இருந்து கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் பறித்துவந்து அரைத்து, "மனுசனுக்கு மஞ்சக்காமாலைக்குக் கொடுக்கறது கோழிக்கு ஆகாதா?" என்றார். டாக்டரிடம் தயங்கிக் கேட்டேன். ஈரலுக்கு நல்லதுதான், கொடுங்கள், ஆனால் அதை நம்பிக் கெட்ட சோளத்தைத் தொடராதீர்கள் என்றார். கொடுத்தோம். எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

பைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம்மவர்கள் நிறையப் பணத்தை விடுகிறார்கள். நான் அதுவரை வருடக்கணக்காக பைண்டர் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஏன் இப்படி ஆனது? நான் வாங்கியது வெறும் களிமண் வகை. பென்டோனைட், அலுமினோசிலிகேட் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். அது அஃப்ளாடாக்சினைக் குடலில் நன்றாகப் பிடித்து எச்சத்தோடு வெளியே கொண்டுபோகும். ஆனால் அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ஓக்ராடாக்சினை அது சரியாகப் பிடிக்காது, டி-2வை ஏறக்குறைய விட்டே விடும். ஈஸ்ட் செல்சுவர் சேர்ந்த வகைகள் இன்னும் சிலவற்றைப் பிடிக்கும். நஞ்சையே உடைக்கும் நொதி சேர்த்தவையும் விற்கின்றன, விலை அதிகம். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் என்ன சேர்ந்திருக்கிறது என்று படிக்க வேண்டும். எவ்வளவு போட்டாலும் நல்லது என்று களிமண்ணை அள்ளிக் கொட்டவும் கூடாது, அது தாதுக்களையும் வைட்டமினையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சைத் தடுப்பான் என்று விற்கும் புரோபியோனிக் அமிலம் வேறு வகை. அது பூஞ்சை வளராமல் தடுக்கும், ஏற்கெனவே உண்டான நஞ்சை ஒன்றும் செய்யாது. நான் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

வெயிலும் அப்படித்தான். கமிஷன் கடைக்காரர் சொன்ன 'ரெண்டு வெயில்' ஈரத்தை எடுக்கும், பூஞ்சையை அடக்கும். உண்டான நஞ்சு வெயிலில் ஓரளவு குறைந்தாலும் நம்பிப் போடும் அளவுக்குக் குறையாது. வறுத்தாலும் போகாது. 250 டிகிரிக்கு மேல் தாங்கும் பொருள் அது. எந்தத் தீவன ஆலையின் நீராவியும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை.

மிச்சம் 15 மூட்டையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மாட்டுக்குப் போடுவதற்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் பாதி விலை சொன்னார். மாடு தின்றால் அந்த நஞ்சு எம்1 என்ற வடிவில் பாலில் வரும் என்று நாமக்கல்லில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். எங்கள் தெருவில் கறக்கிற பாலைத்தான் எங்கள் தெருக் குழந்தைகள் குடிக்கின்றன. முட்டைக்குள் போகும் அளவு மிகக் குறைவு என்றாலும், ஒன்றுமே போகாது என்று சொல்ல முடியாது. அந்த மூன்று வாரம் நான் விற்ற முட்டையை நினைத்தே இரவில் தூக்கம் வரவில்லை. பொக்லைன் வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, 15 மூட்டையையும் புதைத்தோம். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

முட்டை ஏற ஆரம்பித்தது மார்ச் இரண்டாம் வாரத்தில். மாதக் கடைசியில் இரண்டு கொட்டகை 88 சதவீதத்தைத் தொட்டன. வயதான பேட்ச் 80ஐத் தாண்டவே இல்லை, அதைச் சீக்கிரமே கழித்துவிட்டோம். செத்தது 190 கோழி. குறைந்த முட்டை, என் நோட்டுக் கணக்கில், ஏறக்குறைய பதினெட்டாயிரம். மிச்சம் பிடித்தது பத்தாயிரம் ரூபாய்.

அதன் பிறகு குடோனில் மாற்றியவை சின்னச் சின்ன வேலைகள்தான், ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. தரை முழுக்க மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி. முதலில் வந்தது முதலில் போகும்படி மூட்டையில் தேதி எழுதுகிறோம். மழைக்காலத்தில் அரைத்த தீவனத்தை மூன்று நாளைக்கு மேல் வைப்பதில்லை, மணியைவிட மாவு சீக்கிரம் ஈரம் பிடிக்கும். மிக்சருக்குள்ளும் தீவனக் குழாய் முக்கிலும் ஒட்டிக் கெட்டியாகும் தீவனத்தை வாரம் ஒரு முறை சுரண்டி எடுக்கிறோம். முதல் தடவை சுரண்டியபோது மிக்சரின் அடியில் பச்சையும் கருப்புமாக ஒரு கூடை வந்தது. நல்ல சோளத்தைக் கொட்டினாலும் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது. தண்ணீர் நிப்பிள் ஒழுகித் தீவனத் தொட்டி நனைவதும் அதேபோல் கவனிக்காமல் விடுகிற இடம்.

சோளம் உடையாமல் இருக்க வேண்டும், பூச்சி துளைக்காமல் இருக்க வேண்டும். 2018இல் படைப்புழு தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு இது இன்னும் முக்கியம் ஆகிவிட்டது. புழு துளைத்த கதிரில் பூஞ்சை வயலிலேயே நுழைந்துவிடும். பால் பிடிக்கும் நேரத்தில் செடி வறட்சியில் வாடினாலும் அப்படித்தான். மழையில் நனைந்தால் மட்டும்தான் கெடும் என்று நினைக்கக் கூடாது, காய்ந்த வருடத்துச் சோளத்திலும் அஃப்ளாடாக்சின் வரும். உடைசலையும் தூசியையும் சலித்தாலே நஞ்சில் கணிசமான பங்கு சலிப்போடு போய்விடும். சலித்ததை வேறு எந்த உயிருக்கும் போடக் கூடாது.

ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். வாங்க முடியாதவர்களுக்கு உப்புப் பாட்டில் போதும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குக் கீழே சோளம் போட்டு, நன்றாகக் காய்ந்த தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, மூடி, சில நிமிடம் குலுக்கி வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவு. புற ஊதா டார்ச் அடித்து, உடைத்த சோளத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னுகிறதா என்றும் பார்க்கிறேன். மின்னுவது நஞ்சே அல்ல, அதே பூஞ்சை உண்டாக்கும் வேறொரு பொருள். மின்னினால் சோதனைக்கு அனுப்பலாம். மின்னாததால் நல்லது என்று இறக்கக் கூடாது.

ஏற்காட்டில் என் சித்தி நாற்பது நாட்டுக்கோழி வைத்திருக்கிறார். சேர்வராயன் மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கீழிருந்து ஒரு மூட்டைச் சோளம் வாங்கி மூலையில் வைத்தால் மாதத்துக்குள் பூசணம் பூத்துவிடும். "ரெண்டு பூசணம் பட்டா கோழி சாவாதுப்பா" என்பார். உடனே சாகாதுதான். குஞ்சு வளராது, அடைக்கு வைத்த முட்டை பொரிக்காது, ஒரு சளி வந்தால் கூட்டோடு போகும். இப்போது ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மூடியுள்ள தகரத்தில் வைக்கிறார். மீதி எங்கள் வீட்டில் இருக்கிறது, மேலே போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று, சோளம் வாங்கும் முறை. நூறு கிலோ சோளம் 16 சதவீத ஈரத்தில் இருக்கிறது. விவசாயி அதை 12க்குக் காயவைத்தால் தராசில் 95 கிலோ சொச்சம்தான் நிற்கும். நாம் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், காயவைத்தவருக்கு நாலரை கிலோ நட்டம், கூலியும் தனி. அவர் ஏன் காயவைப்பார்? ஈரச் சோளம் விற்கிறார்கள் என்று திட்டுகிறோம், ஆனால் ஈரத்துக்குப் பணம் கொடுப்பது நாம்தான். அதனால் இப்போது வீரகனூர், தெடாவூர் பக்கம் ஏழெட்டு விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறேன். 13க்குக் கீழ் இருந்தால் அந்த நாலரை கிலோவையும் காயவைத்த கூலியையும் சேர்த்து விலை போடுகிறேன். அறுவடைக்கு முன்பே இரண்டு தார்ப்பாய் கொடுத்துவிடுகிறேன். கமிஷன் கடையை விட இது கிலோவுக்குக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. என் பண்ணையில் வேறு எந்தச் செலவும் இவ்வளவு மனநிறைவோடு செய்வதில்லை.

நேற்று காலை வீரகனூரிலிருந்து நாற்பது மூட்டை வந்தது. நோட்டில் முதல் வரியில் தேதி எழுதினேன். ஊசியால் ஒவ்வொன்றிலும் குத்தினோம். முப்பத்து நாலு மூட்டை 12.4, 12.8 என்று காட்டியது, சட்டத்தில் ஏற்றினோம். ஆறு மூட்டை 15. கொண்டுவந்த பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. "திருப்பிக் கொண்டுபோகணுங்களா?" என்றார். வேண்டாங்க ஐயா, எடை போட்டுவிட்டுப் போங்கள், காய்ந்த பிறகு இன்னொரு முறை போட்டுக் கணக்கை முடிக்கலாம் என்றேன். ஆறையும் கொட்டகை முன்னால் தார்ப்பாயில் பரப்பியிருக்கிறோம். மதியம் அம்மா காலால் ஒரு முறை புரட்டிவிட்டார். சாயங்காலம் கல்வராயன் பக்கம் மேகம் கூடியதால் அள்ளி உள்ளே வைத்தோம், காலையில் மறுபடி கொட்ட வேண்டும்.